பேனரில் சிரித்த ஆக்வா

கேப் கோஸ்ட்

அன்பு மகன் குவாமெனாவுக்கு அம்மா எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன், முட்டிவலியும் என்னை விட்டுப் போகவில்லை. கனடாவில் நீயும் உன் மனைவியும், நான் இன்னும் தொட்டுப் பார்க்காத பேரப்பிள்ளைகளும் சுகம்தானே.

அப்பாவை அடக்கம் செய்துவிட்டோம். நீ வருவாய் வருவாய் என்று சவக்கிடங்கில் அவரை மாதக்கணக்கில் படுக்க வைத்திருந்தோம், கடைசியில் லீவு இல்லை என்றாய், அப்பா படம் போட்ட பேனரும் டி-ஷர்ட்டும் என் பொறுப்பு, நீ தலையிடாதே அம்மா என்றாய். நானும் தலையிடவில்லை. அடக்கத்தன்று காலை அச்சகத்துக்காரர் வந்து பந்தலில் பேனரைக் கட்டினார், பார்த்தால் ஆளுயரத்துக்கு டிரம்பெட்டும் கையுமாகப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறார் ஆக்வா. அப்பாவோடு கல்லூரி நடன இசைக்குழுவில் இருந்தாரே, அவரேதான். மேலே உன் அப்பா பெயர். உன் அத்தை பிள்ளைகள் அத்தனை பேர் நெஞ்சிலும் அதே சிரிப்பு.

எந்தப் படம் என்று உடனே தெரிந்துவிட்டது. கடைசியாக நீ வந்தபோது, உன் தலையில் முடி இருந்த காலத்தில், என் பெட்டியிலிருந்து எடுத்துப் போன இசைக்குழுப் படம். எங்கேயோ கிடந்ததை இப்போது தேடிப் பிடித்திருக்கிறாய். அப்பாதான் டிரம்பெட் என்று நீ நினைத்ததில் தப்பில்லை, அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார் மனிதர். அவருக்கு ஒழுங்காக விசிலடிக்கக்கூட வராது. அந்தப் படத்தின் ஓரத்தில் பாதிக் காது வெட்டுப்பட்டு, கிலுகிலுப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான் உன்னைப் பெற்றவர். அந்த மூக்கைத்தானே தினமும் கண்ணாடியில் பார்க்கிறாய்? ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ கூப்பிடுவாய் என்று போன் கண்ணாடியைச் சட்டையால் துடைத்துத் துடைத்து வைத்திருந்தவர். அவர் முகம் உனக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்பாவின் குலத்துக்குத் தலைவரான பெரியவர் பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கழட்டினா வெறும் மூங்கில்தான் தெரியும், இருக்கட்டும், அழுங்க” என்றார். அழுதோம். உன் அத்தை அந்தப் படத்தின் காலைக் கட்டிக்கொண்டு புரளும்போது கைத்தடி ஊன்றி ஆக்வாவே வந்து சேர்ந்தார். துக்க வீட்டுக்கு வந்தால் வலப்பக்கத்திலிருந்து வரிசையாக எல்லோருக்கும் கை கொடுத்தாக வேண்டுமே, நடுவில் நிறுத்த முடியுமா? தன் முகத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து, துக்கம் விசாரித்து, கடைசியில் என் முன்னால் வந்து நின்றார். “நான் செத்ததை எனக்கே சொல்லலையே, அபா” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிணத்தை வைத்துக்கொண்டு சிரித்த விதவை என்று இனி ஊர் பேசும், அதுவும் உன் உபயம்.

கிளம்பும்போது அந்தப் பேனரைக் கேட்டார். “என் பிள்ளைங்களும் வெளிநாட்டுலதான். என் மூஞ்சி அவங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது? பேரை மட்டும் மாத்திக்கிறேன், குடுத்துடு.” அவிழ்த்துச் சுருட்டிக் கொடுத்துவிட்டேன்.

குளிரில் காதை மூடிக்கொள். பிள்ளைகளைக் கைநீட்டி அடிக்காதே. கடவுள் உங்கள் எல்லோரையும் காப்பாற்றட்டும். இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன், போன வாரம்தான் எடுத்தது, தனியாகத்தான் நிற்கிறேன். பின்னால் பெயரும் எழுதியிருக்கிறேன். பத்திரமாக வை, சீக்கிரம் தேவைப்படும்.

படத்தில் இருப்பவள்,
உன் அம்மா
அபா மென்சிமா