வெள்ளிக்கிழமை திறந்த போர்ட்

இன்று காலை அலுவலக மெயில் சர்வரின் திரையில் ‘கனெக்‌ஷன் டைம்டு அவுட்’ என்று வந்தது. இத்தனை வருடம் கழித்தும் அந்த வரியைப் பார்த்தால் உன் முகம் வந்து நிற்கிறது.

அப்போது சித்தூர் மாம்பழக்கூழ் கம்பெனியின் மெயில் சர்வரை நாம் இரண்டு பேரும்தான் அமைத்தோம். பிறகு நீ பெங்களூருக்கு வேலைக்குப் போனாய். நான் இங்கேயே தங்கிவிட்டேன். அடுத்த மாம்பழ சீசனில் நான்கு நாட்களாக ஒரு மெயில்கூட உள்ளே வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் போகாவிட்டால் வெளிநாட்டு ஆர்டர் கைவிட்டுப் போய்விடும். “உன்னால முடியலன்னா சொல்லிடுப்பா,” என்றார் முதலாளி. கேபிளை மாற்றினேன், மோடத்தை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை உன் செல்லுக்கு அடித்தேன். நீ ஹலோ சொல்லி முடிப்பதற்குள் புலம்பத் தொடங்கிவிட்டேன்.

“இர்றா. பிங் போகுதா?”

“போகுது.”

“அப்ப லைன் நல்லாத்தான் கீது. சர்வர்லயே ஒக்காந்து இருபத்தஞ்சாம் போர்ட்ட தட்டிப் பாரு.”

மெயில் உள்ளே வருகிற வாசல் அது. திறந்தது. பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு ஓடி, வெளியிலிருந்தும் தட்டிப் பார்த்தேன்; ‘கனெக்‌ஷன் டைம்டு அவுட்’ என்று வந்தது. நீ லைனிலேயே காத்திருந்தாய்.

“இங்கேருந்து தொறக்கலடா.”

“அப்ப நடுவுல யாரோ சாத்தி வெச்சிகினு கீறாங்க. ஃபயர்வால்ல கை வெச்சியா?”

வைத்திருந்தேன். வைரஸுக்குப் பயந்து, திங்கட்கிழமை, நானேதான். திரும்பி ஓடி, வெளியிலிருந்து வருவதைத் தடுக்க ஃபயர்வாலில் நான் போட்டிருந்த அந்த ஒரு வரியை மாற்றியதும், வெளியே காத்துக் கிடந்த மெயில்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. “வந்துடுச்சிடா!” என்று கத்தினேன்.

“சரி, வெச்சிடறேன்,” என்றாய்.

ஒன்பதாவதோ பத்தாவதோ, உன்னுடையது. புதன்கிழமை அனுப்பியது. ‘திருப்பதி ஆஸ்பத்திரியில கீறேன். வெள்ளிக்கிழமை இதயத்துல ஆபரேஷன். போன்ல சொன்னா அழுதுடுவேன், அதான் எழுதறேன். அதுக்கு முன்னாடி ஒரு தபா வந்துட்டுப் போடா.’

திரும்ப அடித்தேன். செல் அணைந்திருந்தது. பஸ்ஸில் நின்றபடியே வந்தேன். சந்திரகிரியில் அது ஐந்து நிமிடம் நின்றதற்கு டிரைவரிடம் கத்தினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

“உன்னாண்டதான்பா பேசிகினு இருந்தான். ஸ்ட்ரெச்சர் வந்து நிக்குது, ‘கொஞ்சம் இருங்க, இவன் வேல முடியட்டும்’ன்றான்.”

நீ உயிரோடு வெளியே வரவில்லை.

மெயில் எதுவுமே வரவில்லை என்று நான் சொன்னபோதே, உன்னுடையதும் வரவில்லை என்று உனக்குப் புரிந்திருக்கும். புரிந்தும் வாய் திறக்கவில்லையே, பாவி. நானும் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போதெல்லாம் யாருக்குப் போன் செய்தாலும், “எங்க கீற? நல்லா கீறியா?” என்று கேட்டுவிட்டு நிறுத்துகிறேன். பதில் வரும்வரை என் கஷ்டத்தை எடுப்பதில்லை.