காற்று நின்ற தொட்டி

செப். 30, செவ்வாய்

காலையில் தூறல். ஸ்கூட்டர் மக்கர். சாரம் ஸ்டாப்பிலிருந்து பஸ்.

சாயப்பட்டறை முழுக்க நாளைய ஆயுத பூஜைக்காகக் கழுவல். தரை, சுவர், இயந்திரங்கள். அத்தனை சோப்புத் தண்ணீரும் என் சுத்திகரிப்புத் தொட்டிக்கு. (எப்போதிலிருந்து "என்"?)

நுண்ணோக்கியில் ஒரு துளி. நலம். சாயக் கழிவைத் தின்று தண்ணீரைத் தெளியவைக்கும் நுண்ணுயிர்க் கூட்டம். தேவை இரண்டு: தீனி, காற்று. எம்.எஸ்ஸி.யில் இது ஒரு மதிப்பெண் கேள்வி. இப்போது இதுதான் என் வேலை.

ஆபரேட்டர் ஏழுமலை அண்ணனிடம் சொன்னது: லீவு நாளில் கழிவு வராது, தீனிக்கு வெல்லக் கரைசல் ஊற்றணும். காற்று ஊதும் ப்ளோவர் நிற்கவே கூடாது.

"வுடு மேடம். பெத்த புள்ள மாரி பாத்துக்கறேன்." ஆலைச் சுவருக்குப் பின்னால்தான் அவர் வீடு.

அக். 1, புதன்

பொரி, கடலை, உடைந்த பூசணி. எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. தோப்புக்குத் தண்ணீர் திறக்கும் வால்வுச் சக்கரத்துக்கும். நுண்ணோக்கியின் கண்ணாடியில் யாரோ குங்குமம் வைத்திருக்கிறார்கள். துடைத்து மாளவில்லை.

மதியம் கிளம்பும்போது ப்ளோவர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சல் வீடுவரை காதில்.

அக். 3, வெள்ளி

கேட்டிலேயே தெரிந்தது. சத்தம் இல்லை. அப்புறம் நாற்றம், அழுகிய முட்டை.

தொட்டி கறுப்பு. ப்ளோவர்மேல் காய்ந்த சாமந்தி மாலை.

ஏழுமலை அண்ணன்: "பூஜ போட்ட மெசினு மேடம், அன்னிக்கி ஓட்டக் கூடாதுன்னு நீங்க போனதும் நிறுத்திட்டேன். மறுநாளு காலைல போடலாம்னுதான் இருந்தேன். காந்தி ஜெயந்தின்னு கரண்ட் ரூம பூட்டிகினு போயிட்டாங்க."

"போன் பண்ணியிருக்கலாமே அண்ணே?"

"லீவுல எதுக்குத் தொல்லன்னு... வெல்லம் மட்டும் கரெக்ட்டா ஊத்திட்டேன்."

மூச்சு நின்றவற்றுக்கு வெல்லம். கோபப்படக்கூட முடியவில்லை.

உற்பத்தி மேலாளர் லூர்து சார் வந்தார். மூக்கில் கைக்குட்டை. "அடுத்த வாரம் சரக்கு கப்பல் ஏறணும்மா. கொஞ்ச நாளு தண்ணி கலரா போனா தோப்பு செத்துடுமா?"

தோப்பு சாகாது. சுத்தமான தண்ணீர் பாய வேண்டிய தென்னந்தோப்பு அது. மணல் பூமி, எதையும் பிடித்துவைக்காது. சாயம் நேராகக் கீழே போகும். தோப்பை ஒட்டி ஏழுமலை அண்ணன் தெரு. வீட்டுக்கு வீடு போர்வெல். ஊற்றில் கலந்துவிட்டால் அதைத் திருப்பி எடுக்க எந்த இயந்திரமும் கிடையாது.

சொன்னேன். சாயம் போடுவதைப் பாதியாகக் குறைத்தால் கழிவைச் சேகரிப்புத் தொட்டியில் ஒரு வாரம் தேக்கலாம் என்றும்.

"ஒரு வாரமா? வெளையாடுறியா?"

அவர் போனதும் தோப்பு வால்வை இறுக மூடினேன். நட்டைக் கழற்றினேன். சக்கரம் என் பையில்.

பஸ். நெல்லித்தோப்பு சிக்னலில் பிரேக். பை கண்டக்டர் காலில் இடித்தது.

"பையில இன்னாம்மா, கல்லா?"

"சக்கரம்."

"வண்டிய வுட்டுட்டு சக்கரத்த மட்டும் எடுத்தாந்தியா?"

பஸ்ஸே சிரித்தது. நானும்.

அப்பா, மில் மூடும்வரை மில்லில் இருந்தவர், பார்த்ததும் புரிந்துகொண்டார். "வேல போயிடும்டி."

"போகட்டும்பா."

டி.வி.யை அணைத்தார். பிறகு, "அரிசி ட்ரம்முக்குப் பின்னால வையி."

அக். 4, சனி

"சக்கரம் எங்கம்மா?"

"வீட்ல சார்."

"இதுக்குப் பேரு திருட்டு."

"ஆமாம் சார். தண்ணி தெளிஞ்சதும் கொண்டாந்துடுறேன்."

ஒரு ரெஞ்ச் போதும், அவரே திறக்கலாம். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். திறக்கவில்லை. நேற்றுவரை அது தானாகப் போயிருக்கும் தண்ணீர். இனி போனால் ஒருவர் தன் கையால் திறந்துவிட்டது. இந்த வித்தியாசம் அவ்வளவு பெரியதா? இரண்டு கிலோ இரும்பு அளவுக்கு.

ப்ளோவர் மறுபடி ஓடியது, பாதி இயந்திரங்கள் நின்றன. பிஸ்கட் கம்பெனித் தொட்டியிலிருந்து உயிருள்ள சேறு ஒரு டேங்கர். போன் போட்டது லூர்து சார்தான்.

ஏழுமலை அண்ணன்: "பக்கத்து வூட்ல உறைமோரு வாங்குற மாரி."

அதோடு அவர்மேல் இருந்த எரிச்சல் போனது.

அக். 7, செவ்வாய்

வாங்க: தொட்டிக்கு வெல்லம், சாணி, அப்பாவுக்கு பி.பி. மாத்திரை, குடை.

நல்ல மழை. சேகரிப்புத் தொட்டி விளிம்புக்கு ஒரு சாண் கீழே. நிரம்பி வழிந்தால் சக்கரத்தை ஒளித்துவைத்து என்ன பயன்? நனைந்துகொண்டே நின்றேன். நிற்பதால் மட்டம் இறங்காது. ஆனாலும்.

லூர்து சார் குடையோடு வந்து எட்டிப் பார்த்தார். "மிச்ச மெசினயும் நிறுத்தறேன். உனக்காக இல்ல. மழைக்காக."

"சரி சார்."

"சிரிக்காத."

அக். 11, சனி

வெயில். தொட்டி பழுப்பு. மழை நின்ற மண்ணின் வாசனை. நுண்ணோக்கியில் நெளிகின்றன, நிறைய. ஆய்வுக்கூட முடிவும் வரம்புக்குள். சரக்குக்கு வேறு கப்பல். லூர்து சார் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அரிசி ட்ரம்முக்குப் பின்னாலிருந்து சக்கரம். பொட்டு அழியாமல்.

"குடு மேடம், நான் மாட்டறேன்."

"இல்ல அண்ணே."

நானே மாட்டினேன். நானே திறந்தேன். தண்ணீரோடு வாய்க்கால் ஓரமாகக் கடைசித் தென்னை வரை நடந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் போர்க் குழாயடியில் ஏழுமலை அண்ணன் மனைவி, அரிசி களைந்தபடி.

"மேடம், பூஜ லீவுல அந்த மெசினு சத்தமில்லாம நல்லா தூங்கனோம். இனிமே நிறுத்தவே மாட்டீங்களா?"

"மாட்டோம்க்கா."