எழுத்து (கலியாணம் அல்ல)

ஓகஸ்ட் 1, வெள்ளி

சோளகக் காற்று. பேசாலையின் மண்ணில் பாதி என் வாய்க்குள். மீதி தேநீரில்.

ஓய்வுபெற்ற தபால் அதிபராகிய நான் இன்று முதல் விடுமுறை முகாமின் ஒருங்கிணைப்பாளர், பிரதம ஆசான், கதிரை அடுக்குபவர், மணி அடிப்பவர். பிள்ளைகளுக்குக் கதை, கட்டுரை, கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டும். பங்கு மண்டபம் தந்தாயிற்று. ஃபாதரின் ஒரே ஒரு நிபந்தனை: புதன்கிழமைக்குள் பதினைந்து பேர் சேராவிட்டால் மண்டபம் கராத்தே வகுப்புக்கு.

பதினைந்தா? இராமேஸ்வரத்திலிருந்து நீந்தி வருவார்கள் என்றேன்.

விளம்பரம் நானே வரைந்தது. ஒரு சொல் கூடவோ குறையவோ இல்லை:

இளையோர் எழுத்து முகாம். முற்றிலும் இலவசம். வயது 16 முதல் 25 வரை. பெற்றோர் சம்மதம் வேண்டும். புகைப்படம் இரண்டு கொண்டுவரவும். மதிய உணவு உண்டு. இறுதியில் சான்றிதழ் வழங்கப்படும்.

கோயில் வாசலில் ஒன்று, மீன் சந்தையில் ஒன்று, மன்னார் பஸ் நிலையத்தில் ஒன்று. கடைசியை ஒட்டித் திரும்புவதற்குள் கழுதை தின்றுவிட்டது. முதல் வாசகர்.

ஓகஸ்ட் 4, திங்கள்

கதிரை இருபது. பென்சில் இருபது. பிள்ளைகள் பூச்சியம்.

பத்து மணிக்கு ஒரு பெடியனும் ஒரு பெட்டையும். பெடியன் சேர்ட்டைக் காற்சட்டைக்குள் விட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து. நமது ரூபன், கடலுக்குப் போகிறவன். பெட்டை கனகா, தலைமன்னார்ப் பக்கம். தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து வளர்ந்து, போன வருடம்தான் தாய் தகப்பனோடு ஊர் திரும்பியவள்.

"கதை எழுதவோ, கட்டுரையோ?" என்றேன்.

"ரெண்டும் வேண்டாம் மாமா. எழுத்து மட்டும் போதும். சாட்சியும் நீங்களே தருவியளோ?" என்றான் பெடியன்.

அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் எழுத்து என்றால் கலியாணப் பதிவு. பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். நாற்பது வருடம் எழுத்துக்களுக்கு முத்திரை குத்திய எனக்கு மட்டும் மறந்துபோனது. பெற்றோர் சம்மதம், புகைப்படம், சாப்பாடு, சான்றிதழ்! பேசாலையின் தாய் தகப்பன் எல்லாரும் பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வைத்திருப்பார்கள்.

விளக்கினேன். பெட்டையின் முகம் விழுந்தது. பெடியனுடையது விழ நேரமில்லை. குசினிப் பக்கம் ஒரு குரல் கேட்டதும் மேசைக்குக் கீழே புகுந்துவிட்டான்.

குரல் றோசம்மாவினுடையது. முகாமின் சமையல் பொறுப்பு. ரூபனைப் பெற்றவர்.

மேசைக்குக் கீழிருந்து: "அம்மா ஹோலில சமையல் எண்டவ. நான் செத்தவீடாக்கும் எண்டு நினைச்சன்!"

றோசம்மா கனகாவைக் கண்டதில்லை. காணாமலே சபதம் செய்தவர்: "அந்த முகாம்காரி என்ர படலையைத் தாண்டினா நான் கடலுக்க இறங்குவன்." பேசாலைக் கடலில் அரை மைல் நடந்தாலும் முழங்கால் அளவுதான். ஆனால் சொன்னால் இறங்குவார்.

ரூபன் களவாக எழுத்தை முடித்துவிட்டுப் பிறகு சொல்லலாம் என்கிறான். கனகா மெல்ல, "அவங்க அம்மாவுக்குத் தெரியாம எனக்கு வேணாங்க. இவரு கேக்க மாட்டேங்கிறாரு" என்றாள்.

றோசம்மா அகப்பையோடு வந்தார். பெடியன் யன்னலால் பாய்ந்தான். பெட்டை நின்றாள்.

"சவிரியண்ணை, இதார்?"

"முகாமின் முதல் மாணவி!" என்று முழங்கினேன்.

கனகா கதிரையில் அமர்ந்து பென்சிலை எடுத்தாள். வேறு வழி?

ஓகஸ்ட் 5, செவ்வாய்

விளம்பரத்தைத் திருத்தினேன். எழுத்து என்ற சொல்லுக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், பெரிதாக: கலியாணம் அல்ல.

பதினொரு மணிக்குள் ஃபாதரிடம் நான்கு முறைப்பாடு. மீன் சந்தையில் காதில் விழுந்தது: "கேட்டியே, கலியாணம் இல்லையாம். எழுத்து மட்டுமாம். பிறகு கோயில் எதுக்கு, பாதர் எதுக்கு?"

மாணவர் தொகை: ஒன்று. அவளும் கலியாணத்துக்கு வந்தவள்.

ஓகஸ்ட் 6, புதன்

எழுத்து என்ற சொல்லையே என் அகராதியிலிருந்து நாடு கடத்தினேன். புதிய விளம்பரம்: கதை சொல்லும் வகுப்பு, கணவாய்க் கறியுடன்.

பதினேழு பேர். ஃபாதர் இரண்டு தரம் எண்ணினார். கராத்தேக்காரர் வெள்ளை உடுப்போடு வந்து, கறி மணத்தில் சற்று நின்று, போனார்.

ஓகஸ்ட் 8, வெள்ளி

காற்று குறையவில்லை. தாள்கள் பறக்க, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிப்பி.

டிலக்சன் முதல் பந்தியிலேயே பதினொரு பேரைக் கொன்றுவிட்டான். இரண்டாம் பந்திக்கு ஆளில்லை. "மாமா, பேய் விடட்டோ?" விடு ராசா.

கனகா மெதுவாக எழுதுகிறாள். எழுதியதில் பாதியை வெட்டுகிறாள். இந்த மண்டபத்தில் எழுதத் தெரிந்தவர் அவள் ஒருத்திதான் (என்னைச் சேர்த்தால் ஒன்றரை).

றோசம்மா என்னைக் குசினிக்கு இழுத்தார். "அந்தத் தலைமன்னார்ப் பிள்ளை ஆரின்ர பெட்டை? திண்ட கோப்பையைக் கழுவி வைக்குது. உங்கட மற்றப் புலவர்மார் மேசையில விட்டிட்டுப் போகினம்."

என் கொழும்புச் சிநேகிதரின் ஒன்றுவிட்ட தங்கையின் பேத்தி என்றேன். இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் ஒரு பேராயரையும் சொந்தமாக்கியிருப்பேன்.

"எனக்கும் ஒரு மருமகள் வரத்தான் போறாள். எங்க, இப்பிடி ஒண்டு வாய்க்குமோ?" வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கண்ணீர் அதனால்தான் என்று வைத்துக்கொண்டேன்.

உண்மை வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினேன். சரித்திரத்தில் முதல் தடவை.

ஓகஸ்ட் 11, திங்கள்

பயிற்சி: தினமும் காணும் ஒருவருக்கு, இதுவரை சொல்லாத ஒன்றைக் கடிதமாக எழுதுக. பழைய தபால் பையை மாட்டிக்கொண்டு நானே விநியோகம். எனக்கே மூன்று வந்தது. மூன்றிலும் ஒரே செய்தி: மாமா, கொஞ்சம் குறையக் கதையுங்கோ.

பையின் அடியில் ஒன்று. சமையல் மாமிக்கு. கனகாவின் கையெழுத்து.

அவளைப் பார்த்தேன். தலையை ஆட்டினாள், கொடுங்கள் என்று. என் கால் தபால் அதிபரின் கால், றோசம்மாவிடம் நடந்தது.

றோசம்மா கையைத் துடைத்தார். "கண்ணாடி இல்லை. வாசியுங்கோ."

முன்பு இவரது மனுசன் கட்டாரிலிருந்து அனுப்பிய இரண்டு வரிக் கடிதங்களை இரண்டு பக்கமாக வாசித்தவன் நான். 'சுகம். பணம் வரும்' என்று மட்டும் இருக்கும். நிலவு, கடல், கண்மணி எல்லாம் என் கைச்சரக்கு. இன்றும் நாக்கு துடித்தது. இந்தக் கடிதத்துக்கு ஒரு மழை வைக்கலாம். ஒரு மாதா சுரூபம் வைக்கலாம். பெட்டை வாழ்வதற்கு ஒரு கண்ணீர்த்துளி போதும்.

உள்ளபடியே வாசித்தேன்:

"மாமி, நான் இருபத்தொரு வருசம் ஒரு முகாமில இருந்தேன். இது ரெண்டாவது முகாம். இங்க சாப்பாடு நல்லாருக்கு. உப்பு மட்டும் கொஞ்சம் கூட. ரூபனுக்காகக் காத்திருக்கிற ஆள் நான்தான். சொல்லாம அஞ்சு நாள் உங்க கையால சாப்பிட்டுட்டேன். மன்னிக்கணும். கனகா."

றோசம்மா கடிதத்தை வாங்கி மடித்தார். குசினிக்குள் போனார். கதவைச் சாத்தினார். உள்ளே ஒரு சட்டி விழுந்தது. அல்லது எறியப்பட்டது.

கனகா சோறு தின்னாமல் பஸ் ஏறினாள்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

இறுதி நாள். பதினைந்தாம் திகதி மடு மாதா திருநாள், ஊரே போய்விடும். அதனால் இன்றோடு சரி. கனகா வரமாட்டாள் என்று பயந்தேன். வந்தாள். சிவந்த கண்.

சாப்பாடு. சோறு, பாரை மீன் குழம்பு. முதல் வாயிலேயே தெரிந்தது. உப்பு ஒரு கல் இல்லை. டிலக்சன் சொல்ல வாய் திறந்தான், நான் காலை மிதித்தேன்.

றோசம்மா நேரே கனகாவின் முன்னால் வந்து நின்றார். கையில் அகப்பை.

"இப்ப சரியோ?"

எங்கள் பதினேழு பேரின் கைகளும் வாய்க்கும் கோப்பைக்கும் நடுவில்.

கனகா இன்னொரு பிடி தின்றாள். யோசித்தாள். "கொஞ்சம் போடலாம் மாமி."

"அப்ப எழும்பி வந்து போடு. எவ்வளவெண்டு எனக்கென்ன தெரியும்?"

இருவரும் குசினிக்குள் போனார்கள். நான் சான்றிதழ்களைத் தலைகீழாக வழங்கினேன்.

ஓகஸ்ட் 29, வெள்ளி

பதிவாளரிடம் அறிவித்தல் கொடுத்து, சொன்ன நாள்களும் கழிந்து, இன்று எழுத்து. காலை ஒன்பது மணி, காற்று இன்றும் ஓயவில்லை. ரூபன் அதே சேர்ட். யன்னல் பக்கம் போகவேண்டாம் என்று எச்சரித்தேன்.

சாட்சி இரண்டு பேர். ஒன்று நான். கையெழுத்திட்டு எழும்பியதும் றோசம்மா வந்து கதிரையில் இருந்தார். மடிக்குள் கையை விட்டுக் கண்ணாடியை எடுத்தார். மாட்டினார். படிவத்தை மேலிருந்து கீழ் வரை வாசித்தார். என் ஒப்பத்தைப் பார்த்து, "கோழி கிளறினது மாதிரி" என்றார்.

"அண்டைக்குக் கண்ணாடி இல்லை எண்டனீங்கள்?"

"இருந்தது."

"பிறகேன் என்னை வாசிக்கச் சொன்னனீங்கள்?"

பேனாவை எடுத்தார். "கட்டார்க் கடிதம் மாதிரி நீங்கள் கூட்டிச் சொல்லுறதுக்கு அதில இடமிருக்கோ எண்டு பாத்தனான், சவிரியண்ணை. இருக்கேல்லை."