பாம்புநாக்குப் புல்லில் இருந்த மண்

போச்சோ மூலிகைச் சந்தை,
அக்டோபர் 23.

அன்பு மகள் சியாவ்மானுக்கு அம்மா எழுதுவது. உன் அண்ணன் தெபின், அவன் மனைவி, குழந்தை மூவரும் சுகம். குழந்தைக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டன, அப்படியும் வாய் ஓயவில்லை. நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. டொரான்டோவில் நீயாவது சுகமாக இரு. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நீ அழுவாய், நான் கத்துவேன், நடுவில் தெபின் பிடுங்கிக்கொள்வான். காகிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீ சும்மா இருந்துதான் ஆக வேண்டும்.

செப்டம்பர் தொடக்கத்தில் ஆஸ்பத்திரியில் என் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள் அல்லவா, வெறும் புண் என்று நீயும் அண்ணனும் ஒரே குரலில் சொன்னீர்களே. அதன்பிறகு தெபின் என்னை நியெ வைத்தியரிடம் கூட்டிப்போனான். முப்பது வருஷமாக அவர் சீட்டு எழுதுவார், நான் சரக்கு நிறுத்துக் கொடுப்பேன், அவர் விரலின் குணம் எனக்குத் தெரியும். நாடி பிடிக்கும்போது வலது மணிக்கட்டில் நடுவிரல் படுகிற இடம் வயிற்றுக்கு உரியது. வழக்கமாக மூச்சுக் கணக்குப் பார்த்து எடுத்துவிடுகிற விரலை அன்றைக்கு அவர் எடுக்கவே இல்லை. நாக்கை நீட்டச் சொன்னார். பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தெபின் முகத்தைப் பார்த்தார். அப்புறம், "மண்ணீரல் கொஞ்சம் சோர்ந்திருக்கு, உள்ள ஈரம் தங்கியிருக்கு, கடைக்காரம்மா. கவலைப்பட ஒண்ணுமில்ல" என்றார். சீட்டைக் கொடுங்கள், கடையில் நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். "வேணாம், காய்ச்சி பையில அடைச்சே கொடுத்துடறோம், இந்த வயசுல எதுக்கு அடுப்படியில நிக்கணும்" என்றார். மூலிகைக் கடைக்காரிக்கே வெளியில் மருந்து வாங்கித் தருகிறார்களாம்! அப்போதே எனக்குப் பொறி தட்டியது. சீட்டும் கண்ணில் படவில்லை, கஷாயம் காய்ச்சிய சக்கையும் கண்ணில் படவில்லை. சக்கை இருந்தால் வாசலில் கொட்டி நாலு பேர் மிதிக்க, நோயும் அவர்கள் காலோடு போகும் என்று விட்டிருப்பேன். பைக் கஷாயத்தில் மிதிக்க என்ன இருக்கிறது.

ஆனாலும் நீங்கள் இவ்வளவு பாடுபட்டும் நான் குடிக்கிறபோது என் நாக்கைக் கழற்றி வைத்துவிட்டா குடிப்பேன்? இத்தனை வாரம் மூக்கைப் பிடித்துச் சூட்டோடு விழுங்கியவள், போன வாரம் ஒரு பையை வெட்டிக் கிண்ணத்தில் ஊற்றி, சூடு ஆறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் வைத்துப் பார்த்தேன். அதிமதுரத்தை அள்ளிப் போட்டிருந்தார்கள், எதையோ மறைக்கத்தான் அவ்வளவு இனிப்பு. அடியில் அரைக்கிளைத் தாமரை என்கிற பூண்டின் கசப்பு. அதற்கும் அடியில் வெண்பூப் பாம்புநாக்குப் புல். இந்த இரண்டும் இந்த அளவில் ஒரே சீட்டில் வந்தால் நம் சந்தையில் மூட்டை தூக்குகிறவன்கூட வாங்க வந்தவரிடம் குரலைத் தாழ்த்திப் பேசுவான். கட்டிக்குத்தான் அது. மிச்சப் பையை எடுத்துக்கொண்டு நேரே வைத்தியரிடம் போய், புண்ணுக்கு எப்போதிலிருந்து பாம்புநாக்குப் புல் கொடுக்கிறீர் என்று கேட்டேன். "உனக்கு இருக்கிறது நாக்கா தராசா தாயே! பிள்ளைங்க என் கால்ல விழாத குறையா கெஞ்சிச்சுங்க, நான் என்ன செய்ய" என்றார்.

கடைக்கு வந்து தெபினைப் பிடித்தேன். சாமந்திப்பூ வாங்க வந்த ஆட்கள் முன்னாலேயே அழுதுவிட்டான், கோழை. ரிப்போர்ட் வந்த அன்றே, பத்து நாளில் அறுத்து எடுத்துவிடலாம் என்று சர்ஜன் சொன்னாராம். அறுப்பதென்றால் அம்மாவிடம் சொல்லியாக வேண்டுமே என்று இவன் உன்னைக் கேட்டானாம். "டிசம்பர்ல லீவு கிடைச்சதும் நானே வந்து பக்குவமா சொல்றேன், அதுவரைக்கும் நியெ மாமா கொடுக்கறத குடிக்கட்டும்" என்றாயாம். நான் அந்தப் புல்லை டன் கணக்கில் விற்றவள். கட்டி கரையும் என்று நம்பி வாங்கிப் போனவர்களை எனக்குத் தெரியும், கரைந்தது என்று திரும்பி வந்து சொன்னவர் ஒருவரையும் தெரியாது. நீ என்னைவிடப் படித்தவள், புற்றுநோய்ச் செல்லை ஆராய்வதே உன் வேலை. நாலு வருஷம் முன்பு புத்தாண்டுக்குக் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டே நீதானே எனக்குப் புரியவைத்தாய். உடம்பில் நல்ல செல்லுக்குப் பெருகுவதை எப்போது நிறுத்த வேண்டும், எப்போது சாக வேண்டும் என்று தெரியும், கெட்ட செல் யார் சொன்னாலும் கேட்காது, ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும், தனக்கென்று ரத்தக் குழாயையும் பக்கத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் என்றாய். அப்படியென்றால் கம்பத்தில் கொக்கி போட்டுக் கரண்டு திருடுகிற கடைக்காரன் மாதிரியா என்று கேட்டேன், அதேதான் என்று கைதட்டினாய். அவ்வளவு தெரிந்த நீ, அந்தத் திருடனுக்கு ஏழு வாரம் தவணை கொடுத்திருக்கிறாய். ஊரார் வீட்டுச் செல்லை எல்லாம் கண்ணாடிக்கடியில் வைத்து எண்ணுகிறாயே, உன் அம்மாவுடையதை எண்ணினாயா?

கோபத்தில் எழுதுகிறேன், ஆனால் நியாயமாகவே எழுதுகிறேன். பாடம் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். பதினோரு வருஷம் முன்பு உன் அப்பாவுக்கு ஈரலில் வந்தபோது நீ அவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று நின்றாய். சொன்னால் பயத்திலேயே போய்விடுவார், வாயைத் திறந்தால் இந்த வீட்டுப் படி ஏறாதே என்று உன்னைக் கன்னத்தில் அறைந்தேன். நானே மருந்தைக் காய்ச்சினேன், துண்டு துரும்பு அவர் கண்ணில் படாமல் வடிகட்டினேன், சக்கையை வாசலில் கொட்டாமல் ஆற்றங்கரைவரை கொண்டுபோய் எறிந்தேன். ஒரு நாள் குடித்து முடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, "இந்த வருஷம் பாம்புநாக்குப் புல்லுல மண்ணு சாஸ்தி, வாங்கறப்ப நல்லா சலிச்சுப் பாத்து வாங்கு" என்றார். கடைச் சரக்கைச் சொல்கிறார் என்று நினைத்து, சரி சரி, வாங்குகிறேன் என்றேன். போன வாரம் பையை வெட்டி வாயில் வைத்தபோது என் பல்லில் மண் நறநறத்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். அந்த மண்ணைப் பற்றிச் சொன்னபோது உன் அப்பா மூன்று மாதமாகக் கடைப்பக்கமே வரவில்லை சியாவ்மான். முப்பது வருஷம் அந்தப் புல்லைச் சலித்த மனுஷன். குடிப்பது என்ன புல், அது எந்த நோய்க்கு என்று முதல் கிண்ணத்திலேயே தெரிந்திருக்கும். என் பொய் கலையக் கூடாது என்று கடைசிவரை தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் குடித்துவிட்டுப் போனார். நான் அவரைக் காப்பாற்றியதாக இத்தனை வருஷம் நிமிர்ந்து நடந்தேன்.

நான் அவர் இல்லை. தெரிந்துகொண்டே குடிக்க எனக்கு வராது. நேற்று தெபினிடமிருந்து ரிப்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு தனியாகச் சர்ஜனைப் பார்த்தேன். "வீட்டுலேர்ந்து யாரும் வரலியா?" என்றார். வயிறு என்னுடையது, அதனால் நான் வந்திருக்கிறேன் என்றேன். திங்கட்கிழமை மறுபடி படம் எடுக்கிறார்கள், இன்னும் அறுக்க முடியுமா என்பது அப்புறம்தான் தெரியும். அறுக்கச் சம்மதம் என்கிற கையெழுத்தை நானே போடுவேன். நீ டிசம்பர்வரை காத்திருக்க வேண்டாம், பக்குவமும் வேண்டாம். ஏழு வாரத்தில் அது எத்தனை மடங்கு ஆகியிருக்கும் என்று உனக்கு உத்தேசமாகவாவது தெரியும். அந்தக் கணக்கை மட்டும் எனக்குச் சொல், ஆறுதல் சொல்லாதே.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காலுறை இல்லாமல் தரையில் நடக்காதே, ஐஸ் தண்ணீர் குடிக்காதே. உன் கை தொடும் வேலையெல்லாம் நல்லபடி முடியட்டும், நீண்ட ஆயுளோடு இரு. அன்றைக்கு அறைந்தது தப்பு. நீ சொன்னதுதான் சரி. அந்தச் சரியை எனக்கும் செய்திருக்கலாம்.

உன் அம்மா,
குவோ ஃபெங்யிங்