அடுப்புக் கற்களின் பெயர்கள்

அசார் மாதம் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜித்மாயா எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். உன் புத்தகத்துக்கு நீ கேட்ட சொற்களை நம் குலுங் பேச்சிலும், மலைக்கு அந்தப் பக்கத்து துலுங், காலிங் பேச்சுகளிலும் நோட்டில் எழுதிவிட்டேன். வீடு வீடாகப் போய்க் கேட்க எனக்குக் கூச்சம். அந்த ஊர்ப் பெண்களோடு அவர்கள் வயலில் மக்காச்சோளத்துக்குக் களை பறித்துக்கொண்டே காதில் வாங்கினேன். "வாய வீட்டுலயே பூட்டிட்டு வந்துட்டியாடி?" என்று சிரித்தார்கள். தண்ணீர், தீ, கல் எல்லாம் மூன்று பேச்சிலும் அக்கா தங்கை முகம்போல் இருக்கின்றன.

கடைசிப் பக்கத்தில் நம் அடுப்பின் மூன்று கற்களின் பெயர்கள். நீ கெஞ்சியதால் அம்மாவுக்குத் தெரியாமல் எழுதினேன். அடுப்படியைத் தாண்டி அவற்றைச் சொல்லக்கூடாது. பார்த்ததும் கிழித்துவிடு. மங்சிர் மாதத்தில் அந்தப் பெயர்களைச் சொல்லித்தான் பூசாரி செத்துப்போன அப்பாவின் ஆவியை வீட்டுக்குள் அழைத்து, முன்னோரோடு அடுப்பில் சேர்க்க வேண்டும். நீ வந்துவிடு.

உன் தங்கை
ஜித்மாயா

காத்மாண்டு
கார்த்திக் மாதம் 3

அன்புத் தங்கைக்கு,

புத்தகம் வந்துவிட்டது! நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பியிருக்கிறேன். அந்தப் பெயர்களையும் சேர்த்தேன். மூன்று பேச்சின் வேரும் அவற்றில் இருக்கிறது; மூன்று மொழிகளும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்பதற்கு அவற்றைவிடப் பழைய சான்று கிடைக்காது. பயப்படாதே. மங்சிரில் பாராட்டுக் கூட்டம், வர முடியாது.

அண்ணன்
லோக்பீர்

மங்சிர் மாதம் 20

அண்ணாவுக்கு,

பள்ளிப் பிள்ளைகள் உன் புத்தகத்தைத் தெருவில் சத்தமாகப் படித்துக்கொண்டு போனார்கள். சடங்குக்கு வந்த பூசாரி வாசலிலேயே நின்றுவிட்டார். "ஊரே கூவின பேர நான் கூப்பிட்டா கல்லு கேக்குமா? யாரு குடுத்தது?"

"யாரும் குடுக்கல. எம்மவனுக்கே எல்லாம் தெரியும்," என்றாள் அம்மா.

"நான்தான் குடுத்தேன்," என்றேன். சடங்குக்குக் கொடுத்த கோழியைப் பூசாரி திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அப்பா இன்னும் வெளியில்தான் நிற்கிறார். அம்மா என்னோடு பேசுவதில்லை.

உன் முன்னுரையைப் படித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கும் அதைப் படிக்கத் தெரிந்தது. 'சொற்களைத் தந்தவர்: ஒரு கிராமத்துப் பெண்.' நீ படிக்கத்தான் நான் நின்றேன். அச்சில் வரக்கூடாத பெயர்கள் எல்லாம் வந்திருக்கின்றன, அண்ணா.

நேற்று அம்மா மூன்று கற்களையும் பிடுங்கி ஆற்றில் போட்டாள். சந்தையில் வாங்கிய இரும்பு முக்காலி அடுப்பில் சமைக்கிறோம். அதற்குப் பெயர் கிடையாது. நீ வந்தால் சோறு போடுவேன், வழிப்போக்கருக்குப் போடுவதுபோல் வாசலில்.

இப்படிக்கு,
ஒரு கிராமத்துப் பெண்