டச்சஸ் குளித்த தொட்டி

அன்புள்ள பிரியோனிக்கு,

நீயும் டாமும் குழந்தை கிளெமும் அடிலெய்டில் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை, இங்கே இன்னிஸ்ஃபெயிலில் மே மாதமாகியும் மழை விட்டபாடில்லை. ஆனால் மழையைப் பற்றிச் சொல்ல நான் பேனாவை எடுக்கவில்லை. நான் பேசாமல் இருந்தது போதும். கிறிஸ்துமஸிலிருந்து உன் அம்மா வீட்டில் என்னைப் பற்றி என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். இனி முடியாது, ஏனென்றால் ஜூலையில் கிளெமைத் தூக்கிக்கொண்டு நீ மறுபடியும் அந்த வீட்டில் தங்கத்தான் வருகிறாயாம். மருந்துக் கடையில் வேலை செய்யும் லொரெய்ன் வாயிலிருந்து தற்செயலாக வந்த செய்தி. என் வீட்டுக்கு வா என்று நான் கேட்டதற்கு நீ பதிலே போடவில்லை, அதையும் நான் கவனிக்காமல் இல்லை.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் கிளெம் பால் குடிக்க மறுத்ததும், தூக்கினால் இன்னும் வீறிட்டு அழுததும், உச்சிக்குழி புடைத்து வலிப்பு வந்ததும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டவுன்ஸ்வில்லுக்கு அவனை விமானத்தில் கொண்டுபோனார்கள், நான் மழையில் கார் ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தேன். முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்து, மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் சீழ் பிடித்திருக்கிறது, கிருமி சால்மொனெல்லா என்றார்கள். கட்டிலருகே உங்களைத் தவிர இரண்டு பேருக்குத்தான் அனுமதி. அந்த இரண்டு பேர் உன் அம்மாவும், இப்போது அவளோடு வாழும் வார்விக்கும். நான் காபி மெஷின் பக்கத்தில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். என் மூக்கை வைத்துக்கொண்டு பிறந்த பிள்ளை வார்விக்கின் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கியது. படகில் சுற்றுலாக்காரர்களைச் சிரிக்கவைத்துப் பிழைத்தவனுக்கு என் மனைவி கிடைத்தாள், நான் தூண் மாற்றி நிமிர்த்திய வீடு கிடைத்தது, இனி என் பேரன் முதலில் தாத்தா என்று கூப்பிடப்போவதும் அவனைத்தான்.

பிறகு சுகாதாரத் துறை நர்ஸ் எனக்குப் போன் செய்தாள். "மிஸ்டர் பெல்லாமி, உங்க கோழிங்களப் பத்திக் கொஞ்சம் கேக்கணும்" என்றாள். நான் கொண்டுவந்த முட்டையை உன் அம்மா பச்சையாக அடித்து மயோனைஸ் செய்தாளாம், அதே கையால் பால் புட்டியைத் தொட்டாளாம், ஆக குற்றவாளி நான். கோழி எச்சத்தைச் சோதித்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. இதை யாரும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் கோழிகளைப் பார்க்கவே பிடிக்காமல் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அந்த முட்டைகளோடு வந்தேனே, நினைவிருக்கிறதா? வாசலில் யாரும் இல்லாததால், வீட்டைத் தாங்கும் தூண்களுக்கு நடுவே வீட்டுக்கு அடியில் வந்தேன். துணி துவைக்கும் தொட்டியில் வார்விக் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, டச்சஸை, அவன் செல்லமாக வளர்க்கும் தாடி ஓணானை, உட்காரவைத்து, உரியும் தோலை டூத் பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தான். அதன் எச்சம் தண்ணீரில் மிதந்தது. கீழேதான் குளுமை என்று நீ கிளெமைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு உன் முறைக்குக் காத்திருந்தாய். "இந்தத் தொட்டியிலயா குழந்தையக் குளிப்பாட்டப்போற? ஓணான் குடல்ல சால்மொனெல்லா இருக்கும், பாத்தா தெரியாது" என்றேன். வார்விக், "புரொபசர் கிளாஸ் எடுக்க வந்துட்டார்ப்பா. மேட், இவ உன்னவிட சுத்தம், உன்னவிட அடிக்கடி குளிக்கிறா" என்றான். மேலேயிருந்து உன் அம்மா, "லயனல், நல்ல நாளும் அதுவுமா ஆரம்பிக்காத" என்று கத்தினாள். நீ சிரித்தாய். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, "அப்பா, உங்களுக்கு அவர்மேல பொறாமை" என்றாய். அவன் உள்ளங்கையால் தொட்டியை ஒரு வழி வழித்துவிட்டுப் புதுத் தண்ணீர் திறந்தான். துணி துவைக்கும் மெஷின்மேல் முட்டைகளை வைத்துவிட்டு நான் போய்விட்டேன்.

நர்ஸ் எல்லாவற்றையும் விசாரித்திருப்பாள், டச்சஸையும் பார்த்திருப்பார்கள் என்றுதான் இத்தனை நாள் நம்பினேன். போன வாரம் பவுல்ஸ் கிளப்பில் வார்விக் பீரைக் கையில் வைத்துக்கொண்டு கதை சொன்னான். "ஓணான் பாம்பு ஏதாவது வீட்டுக்குள்ள வளக்கறீங்களான்னு அந்த நர்ஸ் பொண்ணு கேட்டுச்சு. வீட்டுக்குள்ள ஒண்ணும் இல்லம்மான்னேன். பொய்யா சொன்னேன்? டச்சஸ் இருக்கிறது வீட்டுக்கு அடியிலதான?" எல்லோரும் சிரித்தார்கள். பாதி நாள் கீழேயே புழங்கும் குடும்பத்துக்கு அந்த இடம் வீட்டில் சேர்த்தி இல்லையாம். மறுநாள் காலையில் நானே நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. கிளெமிடம் இருந்த கிருமி வகை, ஓணான்களிடம் அடிக்கடி காணப்படுவதுதான், டச்சஸைச் சோதிக்க ஆள் அனுப்புகிறோம் என்றாள். உன் அம்மா இதையும் என் குணம் என்பாள். சொல்லட்டும். எனக்குப் பொறாமைதான். அதனால் அந்தத் தொட்டி சுத்தமாகிவிடாது.

ஜூலையில் அங்கே தங்காதே. தங்கியே தீருவேன் என்றால் கிளெமை மேலே வீட்டுக்குள்ளேயே குளிப்பாட்டு, அவனுக்கென்று தனியாக ஒரு பேசின் வாங்கு, ஓணானைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் யாரும், அந்த மகாராஜனும்கூட, குழந்தையைத் தூக்கக் கூடாது. இந்த நோய் திரும்பவும் வரலாம் என்று டாக்டர் சொன்னதை மறக்காதே, காய்ச்சல் அடித்தால் விடியட்டும் என்று காத்திருக்காதே. இந்த நோய் கேட்கும் திறனையும் பாதிக்குமாம், இடது காதுப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. கிளெம் இரண்டு காதாலும் மழைச் சத்தம் கேட்டு வளரட்டும், நீ நன்றாக இரு, டாமுக்கும் என் ஆசிகள்.

எந்தக் கடிதம் வந்தாலும் கடைசி வரியில் யார் பெயர் என்று முதலில் பார்ப்பது சின்ன வயதிலிருந்தே உன் பழக்கம். அங்கே என் பெயரைப் பார்த்தால் மேலே உள்ளதெல்லாம் உனக்குப் பொறாமையாகத்தான் படும். பெயர் இல்லாவிட்டால் தொட்டியைப் பற்றி எழுதியதையாவது படிப்பாய். எழுத்தின் சாயலை வைத்தே யார் எழுதியது என்று தெரிந்துவிடும், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.