துருத்தி திரும்பும் இடம்

பிப்ரவரி 2

போதும். இருபத்திரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. வெளியே சொல்ல ஆளில்லை. மனைவியிடம் ஆரம்பித்தால் முடிவு வரைக்கும் அவளே சொல்லிவிடுவாள், அத்தனை தடவை கேட்டிருக்கிறாள். ஆகவே இந்த நோட்டு.

இன்று காலை அரங்கத்திலிருந்து, நான் இத்தனை வருஷம் வாசித்த பியானோவை எடுத்துப் போனார்கள். கால்களைக் கழற்றி, கம்பளியில் சுற்றி, பக்கவாட்டில் சாய்த்து, ஆறு பேர். வாசற்படியில் ஒரு முறை இடித்தார்கள். உள்ளே கம்பிகள் எல்லாம் சேர்ந்து ஒரு சத்தம் போட்டன. நான் தவிர யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நாடகக் குழு இனி ஊர் ஊராகப் போகுமாம். வண்டியில் பியானோ ஏறாது, அக்கார்டியன் ஏறும். பழைய அக்கார்டியன்காரர் போன வருஷமே விலகிவிட்டார். அந்த இடத்துக்கு ஜூன் மாதம் தேர்வு. நானும் வரலாம் என்று இசை இயக்குநர் சொன்னான். 'சொன்னார்' என்று எழுதக் கை வரவில்லை. கல்லூரி விடுதியில் மூன்று வருஷம் என் அறையில் கிடந்தவன். அப்போது நாங்கள் வைத்த பெயர் நெட்டை. என் நோட்டைக் காப்பியடித்துத்தான் தேறினான். இன்றைக்கு அவன் நாற்காலியில், நான் அவன் எதிரில், நின்றுகொண்டு.

"உனக்கென்னடா, வலது கை ஏற்கெனவே தெரியும். பாதி வேலை முடிஞ்சுதுன்னு வெச்சுக்கோ" என்றான்.

தேர்வில் தோற்றால் நான் இந்தக் குழுவில் இல்லை. அதை அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

பிப்ரவரி 9

இரவல் அக்கார்டியன் வந்தது. பதினொரு கிலோ. நெஞ்சோடு சேர்த்து வாரைப் போட்டுக்கொண்டு எழுந்தால் முன்பக்கம் இழுக்கிறது. மகள் வேலைக்குக் கிளம்பும்போது பார்த்துவிட்டு, "என்னப்பா, இந்த வயசுல கைக்குழந்தையா?" என்றாள். மனைவி சமையலறையிலிருந்து, "அழுகையும் அப்படித்தான் இருக்கு" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம்.

பிப்ரவரி 10

தோள். முதுகு. எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 26

வலது கை தெரியும் என்பது பொய். பியானோவில் ஓங்கி அடித்தால் ஓங்கி ஒலிக்கும், மெல்லத் தொட்டால் மெல்ல. நாற்பது வருஷமாக என் விரல் நுனியில் சேர்த்து வைத்தது அது ஒன்றுதான். இந்தப் பெட்டிக்கு அது வேண்டாம். எப்படி அழுத்தினாலும் அதே சத்தம். ஏற்றமும் இறக்கமும் இடது கை இழுக்கும் துருத்தியில் இருக்கிறது. அந்த இடது கையோ பார்வையிலேயே இல்லை. நூற்றிருபது பொத்தான்கள். ஒரே ஒரு பொத்தானில் சின்னக் குழி. அதைத் தடவிக் கண்டுபிடித்துத்தான் மற்றதை எண்ண வேண்டும். இருட்டில் சட்டைப் பொத்தான் போடுகிற மாதிரி.

கண்ணாடி முன் உட்கார்ந்து பார்த்தேன். பொத்தான்கள் தெரிந்தன, எதிர்ப்பக்கமாக. ஒரு வாரம் அதைப் பார்த்துப் பழகிவிட்டு, கண்ணாடியை விட்டு நகர்ந்ததும் கை போகிற திசையெல்லாம் தப்பு. ஒரு வாரம் போச்சு. யாராவது கேட்டால் சிரிப்பார்கள். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 19

பழைய அக்கார்டியன்காரரிடம் போய்க் கேட்டால் என்ன என்று மனைவி கேட்டாள். எந்த முகத்தோடு போவது? ஒத்திகையில் அவர் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம், "ஆஸ்துமா ஆரம்பிச்சாச்சு" என்று இருபது வருஷம் சொன்னவன் நான். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். சிரித்தாரா? இப்போது யோசித்தால், அவர் வாரை மாட்டிக்கொண்டிருந்ததுதான் நினைவிருக்கிறது.

ஏப்ரல் 30

மேல்வீட்டுக்காரர் வந்து, கோபமே இல்லாமல், ரொம்ப மரியாதையாக, "சார், அந்த மூணாவது வரி மட்டும் வேற ரூம்ல வாசிக்க முடியுமா?" என்றார். மூன்றாவது வரியில்தான் தப்பு வருகிறது என்று அவருக்கே தெரிந்திருக்கிறது.

எதற்கு இதெல்லாம்?

மே 27

எழுதக் கூடாததை எழுதுகிறேன்.

நெட்டை என்னை வண்டி நிறுத்துமிடத்துக்குக் கூப்பிட்டான். மடித்த செய்தித்தாளைக் கையில் கொடுத்து, "உள்ள இருக்கு. வீட்டுக்குப் போய்ப் பாரு" என்றான். உள்ளே இரண்டு பக்க இசைக்குறிப்பு. தேர்வில், முன்பின் பார்க்காததை அங்கேயே பார்த்து வாசிக்கச் சொல்லும் பகுதி. பத்து நாள் முன்னாடியே.

"எதுக்குடா இது?" என்றேன்.

"உன் நோட்டைப் பார்த்துத்தானே எழுதினேன்" என்றான். அவ்வளவுதான். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

முப்பது வருஷம் இவனை வெறுத்தேன். இப்போது அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டான். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த வாய்தான் இது. சொல்லவில்லை.

மே 30

விரல் எண்களை எல்லாம் பென்சிலால் எழுதி முடித்தேன். எழுத்து பொடியாக இருந்ததால், அரங்க அலுவலகத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, பெரிதாக நகல் எடுத்துக்கொண்டேன். இனி கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பேன்.

ஜூன் 6

தேர்வு. மேடைக்கு நடுவே திரை. அந்தப் பக்கம் தேர்வுக் குழுவினர் மூன்று பேர். பெயர் கிடையாது, எண் மட்டும். நான் மூன்று.

முதல் பக்கம் சுத்தமாகப் போனது. இரண்டாம் பக்கம் நான்காவது வரியில் ஒரு நீண்ட சுரம், விடாமல் பிடிக்க வேண்டும். விரல் சரியாக இருந்தது. பத்து நாளும் விரல் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வரிக்கு வரும்போதே துருத்தி முக்கால்வாசி விரிந்திருந்தது. கை போகும் வரைக்கும் போனது. அதற்கு மேல் காற்று இல்லை. சுரம் நடுவில் அறுந்து, நான் துருத்தியைத் திருப்பி, மறுபடி ஆரம்பித்தேன். பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்குகிறவன் மாதிரி.

வீட்டில் தப்பாமல் வந்ததே? வந்தது. ஒரு நாள் இழுக்கும்போது அந்த வரி வரும், ஒரு நாள் சுருக்கும்போது வரும். எங்கே திருப்ப வேண்டும் என்று நான் யோசித்ததே இல்லை. பியானோவுக்கு மூச்சு கிடையாது.

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ பேனாவை மூடினார்கள்.

ஜூன் 7

ஐந்தாம் எண் தேர்வாகியிருக்கிறது. ஒரு சர்க்கஸ் வாத்தியக் குழுவில் பதினாறு வருஷம் வாசித்த பெண்மணி. சர்க்கஸ் மூடிவிட்டதாம். எனக்குக் கிடைத்த பத்து நாள் அவருக்கு இல்லை. அங்கேயே பார்த்தார், வாசித்தார், எழுந்து போனார்.

ஜூன் 11

அலுவலக எழுத்தர் அம்மாள், நகல் இயந்திரத்தின் மூடிக்கு அடியில் ஒரு தாள் கிடைத்ததாகச் சொன்னார். கிடைத்தது தேர்வுக்கு ஒரு வாரம் முன்பாம். அது தேர்வில் வாசிக்கக் கொடுத்த குறிப்பு என்று இன்றுதான் அவருக்குப் புரிந்திருக்கிறது. மத்தியானத்துக்குள் அரங்கம் முழுக்கப் பரவிவிட்டது. "சர்க்கஸ்காரிக்கு இவ்வளவு சுத்தமா வரும்போதே நினைச்சேன்" என்றார் வயலின்காரர். தலையாட்டாதவர் யாரும் இல்லை. நானும் ஆட்டினேன். மனசுக்குள் நாலு மாதத்தில் முதல் முறையாகக் காற்று வந்தது. மறுதேர்வு வரும்!

பிறகு அந்தத் தாளைப் பார்த்தேன். எழுத்தரின் மேஜை மேல், காகித எடைக்கு அடியில். என் பென்சில்.

பெரிதாக்கிய நகலை எடுத்துக்கொண்டு, மூலத்தை உள்ளேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். பையில் இருக்கிறது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஜூன் 13

நெட்டை அறைக் கதவைச் சாத்தினான்.

"வாயைத் திறக்காத. தேர்வுக் குழு இருபதாம் தேதி கூடுது. அன்னைக்கு அந்த சர்க்கஸ் அம்மா தேர்வானதை ரத்து பண்ணிடுவாங்க. மறுபடி வெச்சா உனக்குத்தான் நல்லது."

"அவங்க?"

"அவங்களுக்கு வேற இடம் கிடைக்கும்."

"எங்கே?"

எழுந்து, சாத்திய கதவைத் திறந்து, வெளியே யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான். எனக்காகப் பயப்படுகிறானா, தனக்காகவா? இரண்டும் என்றுதான் தோன்றுகிறது. இப்படிப்பட்டவனை நான் எதில் சேர்ப்பது?

ஜூன் 16

மாடிப்படியில் அந்தப் பெண்மணி எதிரே வந்தார். குட்டையான உருவம், ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருக்கிறது. பெட்டி சுமந்த தோள். நான் ஒதுங்கி வழிவிட்டேன். அவர் போகவில்லை.

"சார், நீங்க பியானோ வாசிச்சவர்தானே?"

"ஆமா."

"அந்தப் பேப்பரை எழுத்தரம்மா எனக்குக் காட்டினாங்க. முழுக்க விரல் நம்பர். துருத்தி எங்க திரும்பணும்னு ஒரு குறிகூட இல்லை. நாங்க முதல்ல அதைத்தான் போடுவோம் சார். மூச்சைக் குறிக்காம வாசிச்சா நாலாவது வரியில மாட்டிக்குவோம்."

நான் மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"தேர்வுக் குழுவுல சொல்லப் போனேன். உள்ளேயே விடலை. நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா கேப்பாங்க."

என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் விரல்களைப் பார்த்தார். தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா? கோபமாகப் பேசியிருந்தால் பதிலுக்கு நானும் பேசியிருப்பேன். "வரேன் சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஜூன் 17

சாப்பிடவில்லை. ஏன் என்று மனைவி கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன்.

ஜூன் 18

இதுநாள்வரை எனக்கு நடந்த அநியாயங்களை வரிசையாகச் சொல்லச் சொன்னால் தேதியோடு சொல்வேன். யார் எந்தக் கச்சேரியில் என்னை ஒதுக்கினார்கள், யார் என் பெயரைப் போஸ்டரில் விட்டார்கள், எல்லாம். இன்று உட்கார்ந்து, நான் செய்ததைத் தேதியோடு யோசித்தேன். ரொம்ப நேரம் ஆகவில்லை. ஒன்று போதும்.

அந்தப் பெண்மணியும் இனி எங்காவது ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் இன்றைய தேதியைப் போடுவார். என்னைப் பற்றி எழுதுவார். பெயர் தெரியாமலே எழுதுவார்.

ஜூன் 19

தேர்வுக் குழுவுக்கு எழுதிவிட்டேன். தட்டச்சில், அரைப் பக்கம். அந்தத் தாள் ஐந்தாம் எண்ணுடையது அல்ல என்று. துருத்தி திரும்பும் இடங்களைக் குறிக்காமல் எந்த அக்கார்டியன்காரரும் பழகமாட்டார், அது பியானோக்காரன் கை என்று. தேர்வுக்குப் பத்து நாள் முன்பே அது மூன்றாம் எண்ணின் கையில் இருந்தது என்று. கொடுத்தது யார் என்ற இடத்தில் நெட்டையின் பெயரை அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன். முப்பது வருஷம் காத்திருந்த இடம் அது. கடைசியில் காலியாக விட்டேன். மூன்றாம் எண்ணைக் கேட்டுக்கொள்ளட்டும்.

மனைவியிடம் இனிமேல்தான் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் நான் எங்கே வேலை செய்வேன் என்று தெரியவில்லை. இரவல் பெட்டியைத் துடைத்து, வார்களை மடித்து, கூட்டில் வைத்துவிட்டேன்.

உறையை ஒட்டும் முன் பேனாவை எடுத்தேன். கீழே பெயரைப் போட்டால், என்ன மனுஷன், தானாக வந்து ஒத்துக்கொண்டான் என்று யாராவது ஒருவர் சொல்வார். வயலின்காரரே சொல்வார். அதைக் கேட்க நான் ஆசைப்படுவேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கண்டுபிடித்துக் கூப்பிட்டால் போகிறேன்.

பேனாவை மூடி வைத்துவிட்டேன். கையெழுத்து இல்லாமலே, நாளை கூட்டம் தொடங்கும் முன், அரங்க வாசலில் இருக்கும் தபால் பெட்டியில் போடப் போகிறேன்.